மேல் ஏரியை விட்டுவிட்டுக் கீழ் ஏரியில் மட்டும் வெங்காயத்தாமரை (நீரில் மிதந்து பரவும் களை) எடுத்தால் நிற்குமா? நான்கு துறைகளை எப்படி ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருவது?

கேள்வி: கலங்கல்காரன்

ஒன்றன் கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) நீர் இன்னொன்றுக்கு வரத்தாகும் மூன்று ஏரிகள். மேல் ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது, ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குள். நடு ஏரி நீர்வளத்துறையுடையது. கடைசி ஏரியும் நீர்வளத்துறைக் கணக்கில்தான், ஆனால் அதில் வந்து விழும் சாக்கடை பேரூராட்சியுடையது. மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, மூன்றிலும் வேறு வேறு ஆட்களிடம்.

கடைசி ஏரியில் சுமார் 30 ஹெக்டேருக்கு வெங்காயத்தாமரை. செப்டம்பர் கடைசியில் பருவமழை முன்னெச்சரிக்கை வேலை என்று பொக்லைன் இறக்குகிறார்கள். பொங்கலுக்குள் பழையபடி பச்சைப் பாய் விரித்துவிடுகிறது. நடு ஏரியில் ஓராண்டு விட்டு ஓராண்டு எடுப்பார்கள். மேல் ஏரியை யாரும் தொடுவதில்லை. அங்கே இருப்பது 2 ஹெக்டேர் கூடத் தேறாது என்பதால் அது கண்ணிலேயே படுவதில்லை.

ஒன்றியம், நீர்வளத்துறை, பேரூராட்சி, மீன்வளத்துறை நான்கையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆட்சியர் அலுவலகம் தயாராக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எதைக் கேட்டு வாங்குவது? "அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடக் கூடாது. அளவு, தேதி, பணம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மண்வெட்டி

பொங்கலுக்குள் திரும்பி வருவதில் மர்மம் எதுவும் இல்லை. கணக்கைப் பாருங்கள். சத்துள்ள நீரில் இந்தச் செடி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். 30 ஹெக்டேரில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 0.3 ஹெக்டேர், ஓரத்து நாணலுக்குள் மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு முறை இரட்டித்தால் 38 ஹெக்டேர். ஏழு முறை என்பது 98 நாள். செப்டம்பர் கடைசியில் எடுத்தால் ஜனவரி முதல் வாரம். ஒப்பந்ததாரர் 99 சதவீதம் சுத்தமாக எடுத்தாலே இந்தக் கதி. அதோடு நவம்பரில் மேல் ஏரி கலங்கல் போனதும் அங்கிருந்து மிதந்து வருவது வேறு.

அதனால் கூட்டத்தில் முதலில் வாங்க வேண்டியது வரிசை. மேல் ஏரி முதலில், பிறகு அதன் கலங்கலிலிருந்து நடு ஏரி வரையுள்ள வாய்க்கால், பிறகு நடு ஏரி, கடைசி ஏரி கடைசியில். வாய்க்காலை மறந்துவிடாதீர்கள். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள் சிக்கிக் கிடக்கும் நாலு செடிதான் அடுத்த வெள்ளத்தில் இறங்கி வரும். மேல் ஏரியின் 2 ஹெக்டேரை எடுக்க ஆகும் செலவு கடைசி ஏரியின் 30 ஹெக்டேருக்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் அதை ஒன்றியம் தன் நிதியில் செய்ய வேண்டும், பலன் பேரூராட்சிக்குப் போகும். முடிச்சு அங்கேதான். மேல் ஏரிச் செலவைக் கீழே இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளும்படி கேளுங்கள். ஒன்றியத்துக்கு மறுக்க முகாந்திரம் இருக்காது.

இரண்டாவது தேதி. செப்டம்பர் கடைசி தாமதம். எடுத்துக் கரையில் போட்டது காய்வதற்குள் மழை வந்து, குவியல் மறுபடி ஏரிக்குள்ளேயே சரியும். பெரிய வேலை மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் முடிய வேண்டும். அப்போது நீர் சுருங்கிச் செடி கரைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றும் பாயை வடகிழக்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பொக்லைனை அந்த மூலையில் நிறுத்துங்கள். சாதாரண பொக்லைன் கை 9, 10 மீட்டர்தான் எட்டும். ஏரியின் நடுவில் கிடப்பதை அது தொடவே முடியாது. பரிசலில் கயிறு கட்டி இழுத்துக் காற்றோடு கொண்டுவர வேண்டும். ஆகஸ்டில் ஒரு சுற்று ஓரம் மட்டும், ஆள் வைத்துக் கையால்.

மூன்றாவது சுற்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விதை சேற்றில் 15, 20 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். கோடையில் ஏரி வற்றி, சேறு வெயில் பார்த்து, மறுபடி நனையும்போதுதான் அது முளைக்கும். ஏரி நிரம்பிய நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஓர ஆழமில்லாத நீரில் சுற்றி வந்தால் கைவிரல் நீள நாற்றாகக் கிடைக்கும். ஒரு கூடையில் அள்ளிவிடலாம். ஆறு வாரம் தாண்டினால் தாய்ச்செடி கொடி விட ஆரம்பித்துவிடும்.

பதில் 2: நீர்க்கட்டி

மண்வெட்டி சொன்ன வரிசை சரி. ஆனால் மேல் ஏரியை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கொஞ்சம் வரும். அதைப் பிடிக்க மிதவைத் தடுப்பு வேண்டும். இதில்தான் நிறைய பேர் பணத்தைத் தண்ணீரில் விடுகிறார்கள்.

தடுப்பை வரத்துக்காலுக்குக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள். நேராகக் கட்டினால் செடி நடுவில் குவியும், நீர் அழுத்தம் தாங்காமல் கயிறு அறும், அல்லது பாய் மடங்கி அடியில் நுழைந்து போய்விடும். ஓட்டத்துக்குச் சாய்வாக, 30 முதல் 45 டிகிரியில் கட்டினால் செடி தானாக வழுக்கி ஒரு பக்கக் கரைக்கு வரும். அந்த இடத்தில் ஒரு சரிவுத்தளம் போட்டால் இரண்டு பேர் வாரியால் இழுத்துப் போடலாம். இரண்டு முனையும் மூடிய 160 அல்லது 200 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், அதற்குக் கீழே ஓரிரு சாண் ஆழத்துக்கு வலை. வலையின் அடியில் சங்கிலியோ கம்பியோ கோத்துக் கனம் கொடுக்காவிட்டால் ஓட்டத்தில் மேலே தூக்கிவிடும். ஒரு முனையில் கொக்கி வையுங்கள், பெருவெள்ளத்தில் கழற்றி விடுவதற்கு. கொக்கியை யார் கழற்றுவது, எந்த நீர்மட்டத்தில் கழற்றுவது என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மழை கொட்டும்போது "அது எங்க துறை இல்ல" என்ற பதில் உதவாது.

கலங்கலுக்கு முன்னால் தடுப்பு கட்டவே கூடாது. அங்கே பாய் அடைத்தால் உபரி நீர் போக வழியில்லாமல் கரை உடையும். ஓர் ஏரியின் கலங்கலைத் தாண்டிய வாய்க்காலில், அடுத்த ஏரிக்குள் நுழைவதற்கு முன்புதான் அதற்கு இடம்.

அடுத்தது ஏற்றிச் செல்வது. அடர்ந்த பாய் ஹெக்டேருக்கு 200 முதல் 400 டன் வரை இருக்கும். 30 ஹெக்டேருக்குக் குறைந்தது 6,000 டன். அதில் 90, 95 சதவீதம் வெறும் தண்ணீர். ஆனால் டிப்பர் எடையால் நிரம்பாது, பருமனால் நிரம்பும். தண்டுக்குள் காற்றுப் பை இருப்பதால் அமுக்காத பச்சைச் செடி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ கூட வராது. மூன்று யூனிட் டிப்பர் என்பது எட்டரை கன மீட்டர். ஒரு நடைக்கு ஒரு டன் கூட ஏறாது. பச்சையாக ஏற்றினால் காசும் டீசலும் காற்றைச் சுமக்கத்தான். முழு நீர்மட்டக் கோட்டுக்கு வெளியே ஐந்தாறு நாள் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டால் வாடி அடங்கிவிடும். அதற்கு இடம் வேண்டும். கரையோரத்தில் புறம்போக்கு எது, பட்டா எது என்று வருவாய்த்துறை முன்கூட்டியே அளந்து தர வேண்டும். உங்கள் நான்கு துறைப் பட்டியலில் வருவாய்த்துறை இல்லை, சேருங்கள்.

உரமாக்குகிறோம் என்று யாராவது வந்தால் ஒன்று கேளுங்கள்: குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடேறுமா? வெறும் மண்புழு உரத்தில் விதை சாகாது, அந்த உரமே விதையைப் பரப்பும். சாக்கடை விழும் ஏரிச் செடி உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். பரிசோதிக்காமல் கீரைப் பாத்திக்குப் போடக் கூடாது.

கலங்கல்காரன்

நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, வேளாண் அலுவலர் ஒருவர் "வண்டு விடலாம், இயந்திரமே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் களைக்கொல்லி என்கிறார். இரண்டாவது, இதுவரை டெண்டர் டன் கணக்கில்தான் போயிருக்கிறது. அதை மாற்றச் சொல்லலாமா?

பதில் 3: கூன்மூக்கன்

வண்டு பற்றி நான் சொல்கிறேன். நியோகெட்டினா இனத்துக் கூன்வண்டுகள் இரண்டு, ஐகோர்னியே, புரூச்சி. இந்தியாவில் 1980களின் முதல் பாதியில் பெங்களூரு வழியாக வந்தவை. வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டித் தின்னும். மேல்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் சின்னச் சின்னச் சதுர வடுக்கள் தெரியும். புழு தண்டைக் குடையும். கூட்டுப்புழு நீருக்குள் வேரில் ஒட்டிக் கிடக்கும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஏரி முழுக்கப் பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும்.

வேரில் ஒட்டும் என்பதை மறக்காதீர்கள். கோடையில் வற்றும் ஏரியில் செடி சேற்றில் உட்கார்ந்துவிட்டால் வண்டின் சுழற்சி அறுந்துபோகும். எனவே மேல் ஏரி, நடு ஏரி வற்றுமானால் அங்கே வண்டு வீண். சாக்கடை விழுவதால் வற்றாத கடைசி ஏரியில் மட்டும் பேசலாம். அங்கேயும் இன்னொரு சிக்கல்: நைட்ரஜன் கொழுத்த நீரில் வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகம் கூட. சாக்கடையைத் திருப்பாமல் வண்டு, இயந்திரம் எதைச் செய்தாலும் புல் வெட்டுகிற கதைதான்.

துறைகள் ஒன்றன் வேலையை மற்றது கெடுப்பது இந்த இடத்தில்தான். ஒரு துறை மார்ச்சில் வண்டு விடும். இன்னொரு துறை ஜூனில் பொக்லைன் வைத்துச் செடியை அள்ளும். வண்டும் டிப்பரில் ஏறிப் போய்விடும். பிறகு "உயிரியல் முறை தோல்வி" என்று கோப்பில் எழுதுவார்கள். இரண்டும் வேண்டுமானால் ஏரியின் ஒரு மூலையில், 5 முதல் 10 சதவீதப் பரப்பை மிதவை கட்டிப் பிரித்து, வண்டுக்கு நாற்றங்கால் மாதிரி விட்டுவைக்க வேண்டும். கலங்கலுக்கும் மதகுக்கும் தொலைவான மூலை. அந்த மூலையை எந்த ஒப்பந்ததாரரும் தொடக்கூடாது என்று டெண்டர் வரைபடத்திலேயே சிவப்பில் குறியுங்கள்.

களைக்கொல்லி: முழு ஏரிக்கும் ஒரே நேரத்தில் அடித்தால் மொத்தப் பாயும் மூழ்கி அழுகி, நீரில் கரைந்த ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். குத்தகைக்காரர் அன்றே ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பார். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்பவர்கள் (பெஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர்கள்) மூலம்தான் பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் அறிவிக்கை வந்தது. குடிநீர்க் கிணறு அருகில் இருக்கும் ஏரியில் இந்தப் பேச்சே வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 4: வரைபடம்

உங்கள் மூன்று ஏரிச் சிக்கல் பெரிய அளவில் நடந்த இடம் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1990களில் இதே செடியோடு மல்லுக்கட்டின. உகாண்டா 1995 வாக்கில் வண்டு விட்டது, கென்யா 1997இல். 1998 வாக்கில் ஏரியில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் வரை பரவியிருந்தது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் பெருமளவு சரிந்தது. 1997–98 எல் நினோ மழையும் அலையும் வண்டுக்குத் துணைபோயின. எது எவ்வளவு என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் செடி முழுக்க ஒழியவில்லை. காகேரா ஆறு ருவாண்டா, புருண்டி பக்கமிருந்து செடியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. 1997இல் தொடங்கிய ஏரிச் சூழல் மேலாண்மைத் திட்டத்தில் கரையோர நாடுகள் மூன்றுதான். மேல் நாடுகள் இரண்டும் 2009க்குப் பிறகான இரண்டாம் கட்டத்தில்தான் உள்ளே வந்தன. உங்கள் ஒன்றியம்தான் அந்த ருவாண்டா.

பண விஷயத்துக்கு வேறோர் எடுத்துக்காட்டு. அமெரிக்க, கனடியப் பேரேரிகளில் கடல் லாம்ப்ரே என்று விலாங்கு போன்ற, தாடையில்லாத, வட்ட வாயால் மீனில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் உயிர். வெல்லண்ட் கால்வாய் வழியாக நயாகராவைத் தாண்டி மேலேறி, 1921இல் ஈரி ஏரியிலும் 1938இல் சுப்பீரியரிலும் தென்பட்டது. மாநிலங்கள் தனித்தனியாக முயன்று சலித்தபின் இரு நாடுகளும் 1955இல் பேரேரிகள் மீன்வள ஆணையம் என்று ஒன்றை அமைத்தன. லாம்ப்ரேயைக் கொல்ல ஓடைகளில் போடும் மருந்தின் அளவை அந்தந்த நீரின் பி.எச்., காரத்தன்மை பார்த்து முடிவு செய்கிறார்கள். வேலையைச் செய்வது இரு நாட்டு மீன்வளத் துறைகள். திட்டமும் பணமும் ஒரே இடத்திலிருந்து. செலவில் அமெரிக்காவுக்கு 69, கனடாவுக்கு 31 சதவீதம் என்று பங்கு எழுதி வைத்திருக்கிறார்கள், ஆண்டுதோறும் பேரம் கிடையாது. லாம்ப்ரே உச்சத்தில் இருந்ததைவிட 90 சதவீதம் குறைந்தது. 2020இல் கொரோனாவால் ஓடை மருந்திடல் முக்கால் பங்கு நின்றது. அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறியது. ஓர் ஆண்டு வேலை தவறினாலே அப்படி. "ஓராண்டு விட்டு ஓராண்டு" என்று உங்கள் நடு ஏரியில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

அதனால் ஆட்சியர் கூட்டத்தில் பங்கு விகிதத்தைக் கேளுங்கள். பரப்புக்கு ஏற்ப என்று பிரித்தால் மேல் ஏரிக்குச் சொற்பமே வரும், ஆனால் விதை அங்கேதான். எந்த ஏரியில் வேலை நடந்தாலும் மூன்று ஆண்டுக்கு மொத்தப் பணமும் ஒரே கணக்கில், வரிசைப்படி மேலிருந்து செலவாகட்டும். கணக்கை நீர்வளத்துறை உதவிச் செயற்பொறியாளர் வைத்திருந்தால் ஒன்றியம் முனகும், ஒன்றியம் வைத்திருந்தால் அவர்கள் முனகுவார்கள். வட்டாட்சியரிடம் விடலாம்.

இன்னொன்று, இயந்திரம். ஒரே பொக்லைனும் மிதவைப் படகும் ஏரிக்கு ஏரி போகும். சங்கிலிப் பட்டைக்குள் ஒட்டிய கொடித்துண்டு ஒன்று போதும். அமெரிக்க மேற்கு மாநிலங்களில் 2007இல் மீட் ஏரியில், படகில் ஒட்டிப் பரவும் குவாகா சிப்பி பிடிபட்டதும், ஒவ்வொரு மாநிலமும் படகுச் சோதனைக்குத் தன் இஷ்டப்படி விதி போட்டது. 2009இல் பொதுவான குறைந்தபட்ச நடைமுறை வந்தது. ஒரு மாநிலம் சோதித்து முத்திரையிட்ட படகை அடுத்த மாநிலம் ஏற்கும் வழி பிறந்தது. கழுவும் நீர் 60 டிகிரி செல்சியஸ் என்பதுகூட எல்லோருக்கும் ஒன்றே. உங்களுக்குச் சுடுநீர் வேண்டாம். ஏரியை விட்டு ஏறும் இடத்திலேயே கம்ப்ரசர் பம்பால் அடித்துக் கழுவி, பட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, வெயிலில் ஐந்து நாள் காயவைத்த பிறகே அடுத்த ஏரி. கழுவிய இடம், தேதி, பார்த்தவர் கையெழுத்து என்று மூன்று கட்டம் கொண்ட ஒரு சீட்டு வண்டியோடு போகட்டும். சீட்டு இல்லாத வண்டியைக் கரையில் ஏற்றாதீர்கள்.

பதில் 5: கெண்டைக்கண்

மீன்வளத்துறைக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லையே. நீர் குறைந்த ஜூனில் வலை போட்டால் ஆப்பிரிக்கக் கெளுத்தியும், மீன்தொட்டிக்காரர்கள் "டேங்க் கிளீனர்" என்று விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் சேர்ந்து வரும். முதலாவது 2000இலேயே தடை செய்யப்பட்டது. இரண்டாவது முட்டையிடக் கரையில் ஒரு கை நீளத்துக்குப் பொந்து குடையும். அது நீர்வளத்துறைக்குக் கசிவுப் பிரச்சினை. பிடித்ததைக் கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். காற்றிலேயே பல மணி நேரம் தாங்கும், இரவு ஈரத்தில் நெளிந்து நெளிந்து திரும்பிவிடும். எண்ணி, எடை போட்டு, புதைக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் "இவ்விரண்டையும் இருப்புச் செய்யக்கூடாது, பிடித்தால் திருப்பி விடக்கூடாது" என்று இரண்டு வரி. ஏல அறிவிப்பிலேயே இருந்தால்தான் செல்லும், நடுவில் சேர்த்தால் தகராறு வரும்.

பதில் 1: மண்வெட்டி

டன் கணக்கு பற்றி. மாற்றத்தான் வேண்டும். டன்னுக்குக் கூலி என்றால் ஒப்பந்ததாரருக்கு லாபம் ஈரத்தில். சொட்டச் சொட்ட எடை மேடைக்கு ஏற்றுவார். அடர்ந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டு நாணலுக்குள் கிடக்கும் மீதியைத் தொடமாட்டார், அங்கே டன் தேறாது. அந்த மீதிதான் 98 நாளில் ஏரியை மூடுவது. மணிக் கணக்கில் பொக்லைன் வாடகை என்பதும் இதே கதை.

ஹெக்டேர் கணக்கில், சுத்தமாக வைத்திருப்பதற்குக் கொடுங்கள். வேலை முடிந்ததும் 60 சதவீதம். 90ஆம் நாள் அளந்து செடிப் பரப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 20. ஏரி நிரம்பி, நாற்றுப் பிடுங்கும் சுற்றும் முடிந்தபின் மீதி 20. நாற்றுச் சுற்றுக்குத் தனி டெண்டர் விட்டால் அதற்கு யாரும் வரமாட்டார்கள். தொகை சின்னது.

அளப்பது யார் என்பதிலும் கவனம் வேண்டும். எடுத்த துறையே அளந்தால் எப்போதும் 5 சதவீதத்துக்குள்தான் வரும். நடு ஏரியைக் கடைசி ஏரி ஆயக்கட்டுதாரர் சங்கம் அளக்கட்டும், மேல் ஏரியை நடு ஏரிச் சங்கம். கீழே இருப்பவனுக்குத்தான் மேலே இருப்பது உறுத்தும். கலங்கல், மதகு, வரத்துக்கால் வாய், எதிர்க்கரை என ஏரிக்கு நான்கு கல் நட்டு, மாதம் முதல் தேதி அதே கல்லில் நின்று அதே பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்தால் போதும். ட்ரோன் வைத்திருப்பவர் இருந்தால் நல்லது, இல்லாததற்காகக் காத்திருக்க வேண்டாம். படம், தேதி, யார் எடுத்தது, எத்தனை சதவீதம் பச்சை, அந்த மாதம் என்ன வேலை நடந்தது: ஒரே படிவம், நான்கு துறைக்கும். கூன்மூக்கன் சொன்ன நாற்றங்கால் மூலையை அந்தச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள்.

கலங்கல்காரன்

கூட்டம் வரும் செவ்வாய். மேல் ஏரிச் செலவுப் பங்கு, வரிசை, மே 25க்குள் பணி ஆணை, தடுப்புக் கொக்கிக்குப் பொறுப்பாளர், இயந்திரச் சீட்டு, குத்தகையில் இரண்டு வரி, மாறி அளத்தல் என்று எழுதிக்கொண்டேன். சாக்கடையைத் திருப்புவது பேரூராட்சியின் அடுத்த நிதியாண்டுக் கோரிக்கையில் இருக்கிறது என்கிறார்கள். அதுவரை கடைசி ஏரிக்கு என்ன?

பதில் 2: நீர்க்கட்டி

அதுவரை சாக்கடை விழும் வாயைச் சுற்றி ஒரு மிதவை கட்டி, செடியை அந்த வளையத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். சத்து அங்கேதான் அதிகம், செடி அங்கேதான் கொழுக்கும், நீரையும் ஓரளவு வடிகட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை வளையத்துக்குள் பாதியை அள்ளிவிடுங்கள், இரட்டிக்கும் முன்பே. வளையத்துக்கு வெளியே ஒரு செடி தெரிந்தாலும் அன்றே எடுக்க, பேரூராட்சித் தூய்மைப் பணியாளர் இருவருக்கு ஒரு பரிசல் வாங்கிக் கொடுங்கள். மிதவையைக் கனமழை எச்சரிக்கை வந்ததும் பாருங்கள், சாக்கடை வாயில் பிளாஸ்டிக் அடைத்தால் தெருவில் தண்ணீர் ஏறும்.